அவளை யார் அனுப்பினார்கள்?

முதுகலை வகுப்பில் முல்லைப்பாட்டைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறேன். பத்துப்பாட்டில் மிகச் சிறியது, 103 அடிகள்தான். அரசன் போர்ப் பாசறையில் இருக்கிறான். அரசி அரண்மனையில் காத்திருக்கிறாள். பெருமுது பெண்டிர் சிலர் ஊர்ப்புறத்துக்குப் போய், நெல்லும் முல்லைப்பூவும் தூவி, விரிச்சி கேட்டு நிற்கிறார்கள். கன்றுகளைத் தேற்றும் ஓர் ஆயர் பெண், உங்கள் தாய்மார் இப்போது வந்துவிடுவார்கள் என்று சொல்வது காதில் விழுகிறது. அதையே நற்சொல்லாக எடுத்துக்கொண்டு திரும்பிவந்து, உன் தலைவன் வெற்றியோடு வருவான், கலங்காதே என்று அரசியிடம் சொல்கிறார்கள். அவள் தேறவில்லை.

இந்த இடத்தில் நான் வழக்கமாக நற்சொல் கேட்கும் மரபைப் பற்றிப் பேசுவேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி குறுக்கிட்டாள். "மேடம், அந்தப் பாட்டிங்களை யார் அனுப்பினாங்க? அரசி அனுப்பினாங்களா, இல்ல ராஜாவோட ஆளுங்க அனுப்பினாங்களா?"

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. வேலூர்ப் பக்கத்துப் பெண். அப்பா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்றவர். பாட்டு முடிந்த பிறகு சொன்னாள்: "நாங்க குவார்ட்டர்ஸ்ல இருந்தப்ப மாசாமாசம் லேடீஸ் மீட்டிங் நடக்கும். பெரிய ஆபீசரோட வீட்டம்மா வந்து, யாருக்காவது ஏதாவது குறை இருக்கான்னு கேப்பாங்க. எங்கம்மா ஒரு நாளும் வாயத் திறந்ததில்ல. சொன்னா அது எங்க போய்ச் சேரும்னு அவங்களுக்குத் தெரியும்."

அந்தக் கேள்வியும் அந்த மௌனமும்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். போருக்குப் போனவனுக்கும் வீட்டில் இருப்பவளுக்கும் நடுவே நிற்கும் பெண் யாருடைய ஆள்? அவளைத் தேர்ந்தெடுத்தவர் யார்? நம் ராணுவத்தில் இது பெரும்பாலும் வழக்கமாக நடக்கிறது. விதியாக எழுதி, விண்ணப்பம் வாங்கி, நேர்காணல் வைத்து, நியமனக் கடிதம் கொடுத்துச் செய்யும் இடம் அமெரிக்கக் கடற்படை. எழுதப்பட்டது என்பதால் அதைப் பிரதியாக வாசிக்க முடியும். தமிழ் படித்தவளுக்குத் தெரிந்த வேலை அதுதானே.

1970 செப்டம்பர் 14 அன்று அமெரிக்கக் கடற்படையின் தலைமை அதிகாரி எல்மோ சும்வால்ட் தன் படைகளுக்கு ஒரு செய்தி அனுப்பினார். 'இசட்-கிராம்' என்று பெயர்பெற்ற அவரது செய்திகளில் அது 24ஆவது. கடற்படையினரின் மனைவியர் தங்கள் குறைகளையும் கருத்துகளையும் யோசனைகளையும் தளபதிகளிடம் கொண்டுசெல்ல வழி வேண்டும், அதற்கு 'மனைவியர் ஆம்பட்ஸ்மன்' ஒருவர் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம். கட்டாய ராணுவ சேவை 1973இல் முடிவுக்கு வந்தது. அதன்பின் ஒருவன் படையில் நீடிப்பதா வேண்டாமா என்பது அவன் வீட்டுச் சமையலறையிலும் முடிவாகும் என்பது நிர்வாகத்துக்குப் புரியத் தொடங்கியிருந்தது. சும்வால்ட் சீர்திருத்தக்காரர். கறுப்பின மாலுமிகளின் சம உரிமைக்கும், 1972இல் கடற்படைப் பெண்களின் வாய்ப்புகளுக்கும் செய்திகள் அனுப்பியவர். அவருடைய நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. அமைப்பு எப்படிக் கட்டப்பட்டது என்பதே என் கவலை.

முதலில் அந்தச் சொல். ஆம்பட்ஸ்மன் சுவீடிய மொழிச் சொல். 1809இல் சுவீடன் தன் அரசியலமைப்பில் இந்தப் பதவியை உருவாக்கியது. மன்னரின் அதிகாரிகள் சட்டப்படி நடக்கிறார்களா என்று கண்காணிப்பது அவர் வேலை. அவரைத் தேர்ந்தெடுப்பது நாடாளுமன்றம். அதாவது, கண்காணிக்கப்படுபவர் கண்காணிப்பவரை நியமிக்க முடியாது. அந்தப் பதவியின் உயிர்நாடியே அதுதான். கடற்படை இந்தச் சொல்லைக் கடன்வாங்கியது. உயிர்நாடியை விட்டுவிட்டது. இங்கே ஆம்பட்ஸ்மனை நியமிப்பவர் அந்தக் கப்பலின் அல்லது படைப்பிரிவின் தளபதி. குறை யாரைப் பற்றியதாக இருக்கக்கூடுமோ, அவரே குறைகேட்பவளைத் தேர்ந்தெடுக்கிறார்.

'மனைவியர் ஆம்பட்ஸ்மன்' பின்னர் 'குடும்ப ஆம்பட்ஸ்மன்' ஆனது. கணவர்களும் இந்தப் பொறுப்புக்கு வரலாம் என்றானது. எனினும் பெரும்பாலும் இதைச் செய்பவர்கள் பெண்கள். இந்தக் கட்டுரையில் 'அவள்' என்று எழுதுவது அதனால்தான்.

இந்தப் பதவி உருவாவதற்கு முன்பு அந்த இடம் காலியாக இருக்கவில்லை. இரண்டு பெண்களை நினைவுபடுத்துகிறேன்.

1965 நவம்பரில் வியட்நாமின் இயா டிராங் பள்ளத்தாக்கில் நடந்த போரில் அமெரிக்கத் தரப்பில் பெரும் உயிரிழப்பு. ஜார்ஜியாவின் ஃபோர்ட் பென்னிங் பகுதியில் இருந்த மனைவியருக்குக் கணவன் இறந்த செய்தி தந்தியாக வந்தது. தந்தியைக் கொண்டுவந்தவர்கள் டாக்ஸி ஓட்டுநர்கள். இவ்வளவு பேர் ஒரேயடியாகச் சாவார்கள் என்று ராணுவம் ஏற்பாடு எதுவும் செய்துவைத்திருக்கவில்லை. அந்தப் படைப்பிரிவின் தளபதி ஹால் மூரின் மனைவி ஜூலியா மூர் அந்த வீடுகளுக்குப் போனார். இறுதிச் சடங்குகளில் நின்றார். இப்படிச் சாவுச் செய்தி சொல்லக் கூடாது என்று மேலிடத்தில் முறையிட்டார். சீருடை அணிந்த அதிகாரியும் சமய குருவும் நேரில் வந்து சொல்லும் முறை நிலைபெற்றதில் அவருக்குப் பங்குண்டு. அவரை யாரும் நியமிக்கவில்லை. 2023இல் ஃபோர்ட் பென்னிங் முகாமுக்கு ஹால், ஜூலியா இருவரையும் கௌரவித்து ஃபோர்ட் மூர் என்று பெயர் சூட்டினார்கள். 2025இல் அந்தப் பெயரை எடுத்துவிட்டு, வேறொரு பென்னிங்கின் பெயரால் பழைய பெயரையே திரும்ப வைத்தார்கள்.

இரண்டாமவர் சிபில் ஸ்டாக்டேல். கடற்படை விமானியான அவர் கணவர் ஜேம்ஸ் 1965 செப்டம்பரில் வட வியட்நாமில் சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டார். சிறைப்பட்டவர்களின் மனைவியரிடம் அரசு சொன்னது ஒன்றே: வெளியில் பேசாதீர்கள். பேசினால் உங்கள் கணவருக்குத்தான் ஆபத்து. கலிபோர்னியாவின் கொரனாடோவில் இருந்த சிபில் மற்ற மனைவியரைத் தன் வீட்டுக்கு அழைத்து உட்காரவைத்தார். ஒருவர் அறிந்ததை மற்றவர் அறிந்தனர். 1968இல் அவர் பத்திரிகையில் பேசினார். 1969 டிசம்பரில் நிக்சன் இந்த மனைவியரைச் சந்திக்க வேண்டியதாயிற்று. 1970இல் அவர்கள் தேசிய அளவில் ஒரு குடும்பச் சங்கமாக அமைந்தார்கள். சிபிலைப் புனிதப்படுத்த வேண்டியதில்லை. அவர் கடற்படை உளவுத்துறையோடும் ஒத்துழைத்தவர். இந்தப் பெண்களின் துயரத்தை நிக்சன் அரசு தன் போர் அரசியலுக்குப் பயன்படுத்திக்கொண்டது என்ற விமர்சனமும் உண்டு. ஆனால் அவர் யாருக்காகப் பேசினாரோ, அவர்களிடையே இருந்து எழுந்தவர். பேசாதே என்ற சொல்லை மீறிப் பேசியவர்.

மனைவியர் தாங்களாகவே சங்கம் அமைத்த அதே 1970ஆம் ஆண்டில்தான் கடற்படை தன் ஆம்பட்ஸ்மனை உருவாக்கியது. ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்று வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம், தன் வரவேற்பறையில் கூட்டம் கூட்டிப் பேசத் தொடங்கிய பெண். இன்னொரு பக்கம், நியமனக் கடிதத்தோடு வரும் பெண். இரண்டாமவள் முதலாமவளைவிடக் கெட்டிக்காரியாக, இரக்கமுள்ளவளாக இருக்கலாம். ஆனால் அவள் நிற்கும் இடம் வேறு.

நியமனம் எப்படி நடக்கிறது? பொறுப்பு காலியாக இருப்பது பிரிவின் குடும்பங்களுக்கு அறிவிக்கப்படுகிறது. விருப்பமுள்ளவர்கள் விண்ணப்பிக்கிறார்கள். ஒரு சிறு குழு நேர்காணல் நடத்துகிறது. இறுதி முடிவு தளபதியுடையது. எழுத்து மூலமான நியமனக் கடிதம் தரப்படுகிறது. அடிப்படைப் பயிற்சி பெற வேண்டும். தளபதி நினைத்தால் விலக்கலாம். தளபதி மாறும்போது அவள் தன் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுப்பது நடைமுறை. புதியவர் அவளைத் தொடரச் சொல்லலாம், வேறொருவரைத் தேடவும் செய்யலாம்.

இந்த வரிசையில் குடும்பங்கள் எங்கே வருகிறார்கள்? அறிவிப்பைப் படிப்பவர்களாக வருகிறார்கள். விண்ணப்பதாரர்களாக வருகிறார்கள். தேர்ந்தெடுப்பவர்களாக எங்கும் வரவில்லை. தளபதி மாறினால் அவள் பதவி கேள்விக்குள்ளாகிறது. குடும்பங்கள் அவளிடம் நம்பிக்கை இழந்தால்? அதைத் தாங்களாகத் தீர்மானிக்கும் வழி அவர்களிடம் இல்லை. அதற்கும் தளபதியிடம்தான் போக வேண்டும்.

அவள் ஏற்றுக்கொள்ளும் நெறிகளைப் பாருங்கள். படைப்பிரிவின் பணிக்கு ஆதரவாக இருத்தல், அதிகார வரிசையை மதித்தல், வரம்புக்குட்பட்ட ரகசியம் காத்தல், பொறுப்போடும் கண்ணியத்தோடும் நடத்தல். ஒவ்வொன்றும் தனித்தனியே நியாயமானதுதான். ஆனால் படைப்பிரிவின் பணியும் ஒரு குடும்பத்தின் நலனும் மோதும் நாள் வரும். பிரசவ நாளில் கணவன் வேண்டும் என்கிறாள் ஒருத்தி, கப்பல் புறப்பட வேண்டும் என்கிறது பிரிவு. அப்போது எந்தப் பக்கம் என்பது நேர்காணலுக்கு முன்பே தீர்மானமாகிவிட்டது.

சமூகவியலாளர் மேடி செகல் 1986இல் எழுதிய கட்டுரை ஒன்றில் ராணுவத்தையும் குடும்பத்தையும் 'பேராசை நிறுவனங்கள்' என்று வர்ணித்தார். அந்தச் சொல்லை அவருக்கு முன்பே லூயிஸ் கோசர் உருவாக்கியிருந்தார். இரண்டு நிறுவனங்களும் ஓர் ஆளின் முழு நேரத்தையும் முழு விசுவாசத்தையும் கேட்கின்றன. ஒன்றின் பசி மற்றதன் பங்கைத் தின்கிறது. அந்த மோதல் வெளியே தெரியாமல், சத்தமில்லாமல் தீர வேண்டும். அதற்குத்தான் நடுவே ஒரு பெண். சிந்தியா என்லோ தன் நூல்களில் திரும்பத் திரும்பக் காட்டுவதும் இதையே: ராணுவம் தன் வேலையைச் செய்ய மனைவியரின் ஒத்துழைப்பைச் சார்ந்திருக்கிறது. அந்த ஒத்துழைப்பு இயல்பாக வருவதல்ல, முடிவுகளால் உருவாக்கப்படுவது. நியமனக் கடிதம் அப்படி ஒரு முடிவு.

சொற்களிலும் இது தெரிகிறது. அமெரிக்கத் தரைப்படையில் ஒரு காலத்தில் 'குடும்ப ஆதரவுக் குழு' இருந்தது. பின்னர் அது 'குடும்பத் தயார்நிலைக் குழு' ஆனது. ஆதரவு என்றால் குடும்பத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும். தயார்நிலை என்றால் படைக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் போதும். துப்பாக்கிக்கும் வாகனத்துக்கும் சொல்லும் சொல்லை அடுப்பங்கரைக்கும் சொல்லிவிட்டார்கள்.

இங்கே நம் அகப்பாடல்களின் தோழியைக் கொண்டுவருகிறேன். தலைவனுக்கும் தலைவிக்கும் நடுவே செல்பவர்களை இலக்கணம் 'வாயில்கள்' என்கிறது. தோழி, பாணன், பாங்கன், விறலி, கூத்தர் என்று தொல்காப்பியக் கற்பியல் ஒரு பட்டியலே தருகிறது. பட்டியலில் எல்லோரும் ஒன்றாக நின்றாலும் பாடல்களில் ஒன்றாக நிற்பதில்லை. பாணன் தலைவன் சார்பில் வருகிறான். தோழி தலைவியின் ஆள். செவிலியின் மகளாக அவளோடு வளர்ந்தவள். தலைவன் அவளை நியமிக்கவில்லை, அதனால் நீக்கவும் முடியாது. பரத்தையிடம் போய்விட்டுத் திரும்பிவரும் தலைவனுக்காகப் பாணன் பேச வந்தால், தோழி வாயில் மறுக்கிறாள். கதவை அடைக்கிறாள். அந்த மறுப்புக்கு இலக்கணத்தில் துறை உண்டு, பெயர் உண்டு.

தோழியை அழகுபடுத்திவிடக் கூடாது. அவளுடைய சொந்த வாழ்க்கையைப் பற்றிச் சங்கப் பாடல்கள் பேசுவதில்லை. அவளுக்குக் காதலன் உண்டா, பசி உண்டா என்று யாரும் பாடவில்லை. அவளும் இன்னொருத்தியின் வீட்டில் உழைத்தவள்தான். ஆனாலும் 'இல்லை, நீ உள்ளே வர முடியாது' என்று தலைவனிடம் சொல்லும் உரிமை அவளுக்கு இருந்தது. அந்த உரிமையைத்தான் நான் ஆம்பட்ஸ்மனின் விதிகளில் தேடினேன். தளபதியிடம் நேரே போய்ப் பேச அவளுக்கு வழி இருக்கிறது. தளபதிக்கு எதிராகக் கதவடைக்கும் துறை மட்டும் அங்கே வகுக்கப்படவில்லை.

இது வெறும் இலக்கிய ஒப்பீடாக நின்றுவிடக் கூடாது என்பதால் ஓர் இரவை யோசித்துப் பார்ப்போம். ஒருத்தி ஆம்பட்ஸ்மனை அழைக்கிறாள். கணவன் வீட்டில் அடிக்கிறான். வெளியே யாருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் அவன் வேலை போகும், வேலை போனால் வீடு போகும், குழந்தையின் மருத்துவம் போகும். அவளுக்கு வேண்டியது, முடிவெடுப்பதற்கு முன் பேச ஒரு காது. அழைக்கும்போது அவள் நினைத்துக்கொண்டிருப்பது, இவளும் என்னைப் போல ஒரு மனைவி என்பது.

ஆனால் ஆம்பட்ஸ்மனின் ரகசியத்துக்கு வரம்புகள் உண்டு. குழந்தை மீதான வன்முறை, வீட்டு வன்முறை, தற்கொலை அபாயம், உயிருக்கு ஆபத்தான நிலை இவற்றை அவள் தெரிவித்தே ஆக வேண்டும். இவற்றுக்கு மேலும் எவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்று தளபதி சேர்த்துக்கொள்ளலாம். குழந்தையின் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் இந்த விதியை நானும் ஆதரிப்பேன். அடிபடும் பெண்ணின் நிலை அவ்வளவு எளிதல்ல. எப்போது சொல்வது, யாரிடம் சொல்வது என்பது அவள் உயிரோடு இருப்பதைத் தீர்மானிக்கும் கணக்கு. 2002 கோடையில் ஃபோர்ட் பிராக் ராணுவ முகாமைச் சேர்ந்த நான்கு மனைவியர் ஆறு வாரங்களுக்குள் தங்கள் கணவர்களால் கொல்லப்பட்டார்கள். 2006 முதல் அமெரிக்க ராணுவத்தில், பாதிக்கப்பட்டவர் தளபதிக்குத் தெரியாமலேயே உதவி பெறும் வழி ஒன்று திறக்கப்பட்டது. ஆனால் அதற்கு அவள் போக வேண்டியது மருத்துவரிடம் அல்லது அதற்கென்று உள்ள ஆலோசகரிடம். ஆம்பட்ஸ்மனிடம் அல்ல. தன்னைப் போன்ற மனைவி என்று நம்பி அழைத்தவள், தொலைபேசியை வைப்பதற்குள் தளபதியின் அலுவலகத்துக்குள் நுழைந்துவிட்டாள்.

நம் இலக்கணம் இதற்கு நேர்மாறான ஒன்றை வைத்திருக்கிறது: அறத்தொடு நிற்றல். தலைவியின் ரகசியத்தைத் தோழி வெளியிடுகிறாள். ஆனால் முதலில் தலைவி தோழியிடம் சொல்ல வேண்டும். பிறகு தோழி செவிலியிடம், செவிலி நற்றாயிடம் என்று அது படிப்படியாகப் போகும். ரகசியம் உடைகிறது, தலைவியின் நலனுக்காக, அவள் அறிய. ரகசியத்தை உடைப்பதே தவறு என்பதல்ல என் வாதம். யாருக்காக, யாருடைய சம்மதத்தோடு என்பதே கேள்வி. அதற்கான விடை, அந்த நடுவாளை யார் நியமித்தார்கள் என்பதில் இருக்கிறது.

இனி 'தன்னார்வம்' என்ற சொல். ஆம்பட்ஸ்மனுக்குச் சம்பளம் இல்லை. வேலைக்காகச் செலவான பயணப்படி, குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் கொடுத்த பணம் போன்றவை திரும்பக் கிடைக்கும். வருடத்துக்கு ஒரு நாள், செப்டம்பர் 14, பாராட்டு நாள். அவள் செய்வது என்ன? நள்ளிரவு அழைப்பு, செய்திமடல், புதிதாக வந்த குடும்பத்துக்கு வழிகாட்டல், வதந்தியை அடக்கல், கப்பல் எப்போது திரும்பும் என்று தெரிந்தும் தெரியாதவளாகப் பேசுதல். இது பயிற்சி தேவைப்படும் வேலை என்று நிர்வாகமே ஒப்புக்கொள்கிறது. அதனால்தான் பயிற்சி தருகிறது. பயிற்சி தேவைப்படும் வேலைக்கு ஊதியம் மட்டும் எப்படித் தேவைப்படாமல் போகிறது?

ஹன்னா பாபனெக் 1973இல் 'இருவர் செய்யும் ஒரு வேலை' என்ற கருத்தை முன்வைத்தார். சில நிறுவனங்கள் ஓர் ஆணை வேலைக்கு எடுத்து, அவன் மனைவியின் உழைப்பையும் சேர்த்தே பெற்றுக்கொள்கின்றன. சம்பளம் ஒன்றுதான். ராணுவம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதிகாரியின் மனைவி வேலைக்குப் போனால், முகாமின் சேவைகளுக்கு வராவிட்டால், கணவனின் பதவி உயர்வு பாதிக்கும் என்ற அச்சம் வெகுகாலம் இருந்தது. 1987இல் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் வெயின்பெர்கர் உத்தரவு போட வேண்டியிருந்தது: மனைவி வேலைக்குப் போவதா, படிப்பதா, தன்னார்வப் பணி செய்வதா என்பதில் எந்த அதிகாரியும் தலையிடக் கூடாது என்று. உத்தரவு தேவைப்பட்டது என்பதே, தன்னார்வத்தில் எவ்வளவு 'தன்' இருந்தது, எவ்வளவு ஆர்வம் இருந்தது என்பதற்குச் சாட்சி.

இரண்டு மூன்று வருடங்களுக்கு ஒருமுறை ஊர் மாறும் வாழ்க்கை. வேலை தேடும் ராணுவத் துணைவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் வேலையற்றவர் என்று அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கணக்கெடுப்புகளே பல ஆண்டுகளாகச் சொல்லிவருகின்றன. வேலை கிடைக்காத ஊருக்கு அவளைக் கொண்டுவந்துவிட்டு, சும்மாதானே இருக்கிறாய், இதைச் செய் என்று கேட்பதற்குத்தான் தன்னார்வம் என்று பெயர். இந்த வேலைக்கு விலை வைக்க முடியாது என்பதும் உண்மையல்ல. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களின் சுமை ஏறியபோது மரைன் படை, சம்பளம் பெறும் குடும்பத் தயார்நிலை அலுவலர்களை நியமித்தது. தேவை முற்றியதும் பணம் கிடைத்தது.

இந்த வேலையைச் செய்யும் பெண்களைக் குறைசொல்வதாக இதை வாசிக்க வேண்டாம். மொழி தெரியாத ஊரில், கணவன் கடலில் இருக்க, காய்ச்சலில் துவளும் குழந்தையோடு இருப்பவளுக்கு ஒரு தொலைபேசி எண் இருப்பது சின்ன விஷயமல்ல. நியமனக் கடிதத்தால் ஒரு பலனும் உண்டு. அது இல்லாவிட்டால் தளபதியின் அறைக் கதவு அவளுக்குத் திறக்காது. தேர்தல் வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் நம்பவில்லை. கணவர்களின் பதவி வரிசைப்படியே மனைவியரும் உட்காரும் ஒரு சமூகத்தில், தேர்தலில் பெரிய அதிகாரியின் மனைவிதான் ஜெயிப்பாள். நம் ஊராட்சிகளில் மனைவி தலைவராகக் கையெழுத்திட, கணவர் நாற்காலியில் உட்கார்வதைப் பார்த்தவர்கள்தானே நாம்.

ஆகவே எந்த அமைப்பானாலும், நடுவே நிற்கும் பெண்ணைப் பற்றி நான்கு கேள்விகளைக் கேட்கப் பழகிக்கொள்வோம். அவளைத் தேர்ந்தெடுப்பதில் யாருக்குக் குரல் இருக்கிறது? அவளை நீக்க யாரால் முடியும்? அவள் உழைப்புக்கு யார் என்ன கொடுக்கிறார்கள்? அவள் அறிந்த ரகசியம் யாருடைய அனுமதியோடு நகர்கிறது? கடற்படையின் ஏற்பாட்டில் முதல் இரண்டு கேள்விகளுக்கும் விடை தளபதி. மூன்றாவதற்கு, செலவுக்கணக்கும் ஒரு பாராட்டு நாளும். நான்காவதற்கு, விதிப்புத்தகம். இதில் ஒன்றையாவது குடும்பங்களின் பக்கம் நகர்த்த முடியும். நேர்காணல் குழுவில் மாலுமிகளின் மனைவியர் இருவரை உட்காரவைக்கலாம். பேசத் தொடங்கும் முன்பே, எதைச் சொன்னால் நான் மேலே சொல்லியாக வேண்டும் என்பதை அழைப்பவளிடம் முதல் வாக்கியமாகச் சொல்வதைக் கட்டாயமாக்கலாம். இதற்கெல்லாம் பெரிய புரட்சி வேண்டியதில்லை.

நம் நாட்டில் நியமனக் கடிதமும் தேவைப்படவில்லை. 1966இல் ராணுவ மனைவியர் நலச் சங்கம் என்ற பெயரில் பதிவுசெய்யப்பட்ட அமைப்பின் தலைவர், தரைப்படைத் தலைமைத் தளபதியின் மனைவி. கணவருக்குப் பதவி வந்தால் மனைவிக்குப் பொறுப்பு வருகிறது, அவர் ஓய்வுபெற்றால் இவரும் விடைபெறுகிறார். கைம்பெண்களுக்கும் சிறப்புக் குழந்தைகளுக்கும் அந்தச் சங்கம் செய்யும் நல்ல பணிகளை மறுக்கவில்லை. ஆனால் நான்கு கேள்விகளையும் அங்கேயும் கேட்கலாம். அமெரிக்கக் கடற்படையில் விண்ணப்பமாவது போடுகிறார்கள்.

அந்த மாணவி பருவ இறுதிக் கட்டுரைக்கு முல்லைப்பாட்டையே எடுத்துக்கொண்டாள். பெருமுது பெண்டிரை யார் அனுப்பினார்கள் என்பதற்குப் பாட்டில் நேரடியான விடை இல்லை என்று சரியாகவே எழுதியிருந்தாள். கூடவே, தன் அம்மாவிடம் கேட்டதையும் எழுதியிருந்தாள். அப்பா எல்லையில் இருந்தபோது தம்பிக்கு மஞ்சள் காமாலை வந்து மோசமானதாம். அப்போது யாரிடம்மா சொன்னாய் என்று கேட்டிருக்கிறாள். அம்மா சொன்ன பதில்: "அந்த மீட்டிங்லயா சொல்லுவாங்க? பக்கத்து குவார்ட்டர்ஸ் கேரளாக்கார அக்காகிட்ட சொன்னேன். அவங்கதான் ராத்திரி எங்கூட ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க."

அந்த அக்காவின் பெயர் எந்தக் கோப்பிலும் இல்லை. மாதாந்திரக் கூட்டத்தில் அவரும் எதுவும் பேசாமல்தான் உட்கார்ந்திருப்பாராம்.